பெயர் ஒட்டவில்லையா? மிகுபுனைவுக் கதைமாந்தருக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல் எழுதுகிறவர்கள் கைப்பிரதியோடு ஒரு சந்தேகத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். "நாயகன் பேர் எடுபடலையோ? மாத்திடட்டுமா?" பலருடைய கைப்பிரதிகளைப் படித்ததிலும், என் கதையில் ஒரே ஆளுக்கு ஆறு முறை பெயர் மாற்றியதிலும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பெயரில் தெரிகிற கோளாறு பெரும்பாலும் உறவில் இருக்கிற கோளாறு. பெயர் தானாக முளைப்பதில்லை. ஒருவர் வைக்கிறார், சிலர் கூப்பிடுகிறார்கள், இன்னொருவர் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்கிறார். இவர்கள் யார் யார் என்று எழுதுகிறவருக்குத் தெரியாத வரை எத்தனை முறை மாற்றினாலும் பெயர் ஒட்டாது.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் கதையில் வரும் எல்லாப் பெயர்களும். இரண்டாவதில் அந்தப் பெயரை வைத்தவர். மூன்றாவதில் யார் யார் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. நடுப்பத்தி காலியாக இருக்கும் பெயர்களை வட்டமிட்டு வையுங்கள். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு அந்த வட்டங்களிலேயே காரணம் இருக்கும். எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கதைக்கு என்ன நோவு என்று பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி: படிக்கிறவர் இரண்டு பேரை ஒரே ஆள் என்று நினைக்கிறார்

முதலில் எழுத்தைப் பாருங்கள். வேகமாகப் படிக்கும் கண் பெயரை முழுதாகப் படிப்பதில்லை. முதல் எழுத்தையும் நீளத்தையும் பிடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். மாறன், மாயன், மாதவன் மூவரும் ஒரே படையில் இருந்தால் மூன்றாவது பக்கத்திலேயே ஒருவர் காணாமல் போவார். தமிழில் ஆண்பெயர்கள் பெரும்பாலும் 'ன்' என்று முடிவதால், வேறுபாட்டுக்கு இருக்கிற இடமெல்லாம் முன்பாதிதான். அப்புறம் காது. மாறன், மாரன் என்று இரண்டு பேர் தாளில் வேறு வேறு. சத்தமாகப் படித்தால் பலர் வாயில் ஒன்றுதான். வல்லி, வள்ளி என்ற ஜோடிக்கும் இதே கதி. ஒலிப்புத்தகம் கேட்கிறவருக்கு எழுத்துகூட உதவிக்கு வராது.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் சவுரோன், சருமான் என்ற இரு எதிரிகள் இதற்குப் பேர்போன உதாரணம். 1978ல் ரால்ஃப் பக்‌ஷி இயக்கிய அதன் அனிமேஷன் படத்தில் சருமானைப் பல இடங்களில் 'அருமான்' என்று கூப்பிடுவார்கள். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். திரையரங்கில் அதற்கு வழி ஏது?

குழப்பும் இருவரும் ஒரே குடும்பம் என்றால் மட்டும் அவசரப்பட்டுப் பெயரை மாற்றாதீர்கள். அந்த ஒற்றுமைதான் உங்கள் கையில் இருக்கும் பொருள். 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட ஏதெல்வுல்ஃபின் மகன்கள் ஏதெல்பால்ட், ஏதெல்பெர்ட், ஏதெல்ரெட் என்று வரிசையாக அரியணை ஏறினார்கள். கடைசித் தம்பி ஆல்ஃபிரெட். பெயரின் முன்பாதியைக் கேட்டதுமே எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். பழைய ஆங்கிலத்தையே தொழிலாகக் கற்பித்த டோல்கீன் இந்த வழக்கத்தைத் தன் குதிரைவீரர் நாட்டுக்குக் கொண்டுபோனார். ஏயோமுண்டின் பிள்ளைகள் ஏயோமர், ஏயோவின். முன்னால் நிற்கும் 'ஏயோ', குதிரையைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது. அரசர் தியோடென், அவர் மகன் தியோட்ரெட். இந்தக் கடைசி ஜோடி யாரையும் குழப்பாததற்குக் காரணம், தியோட்ரெட் நமக்கு அறிமுகமாவதே அவன் இறந்த செய்தியாகத்தான்.

ஆகவே தீர்வு இது. ஒத்த பெயருள்ள இருவரை முடிந்தவரை ஒரே அறையில் நிறுத்தாதீர்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஒருவருக்குச் செல்லப்பெயர் கொடுங்கள். அதையும் ஒரே ஒரு ஆள் வாயில் மட்டும் வையுங்கள்.

என் கதையில் படகோட்டும் குடியில் பிறந்த அண்ணன் தங்கை ஓதன், ஓதை. கைப்பிரதியைப் படித்த மூன்று பேரும் குழம்பினார்கள். நான் பெயரைத் தொடவில்லை. தவழும் வயதில் பக்கவாட்டில் நகர்ந்த பேத்தியைப் பாட்டி ஆழியம்மை 'நண்டு' என்று கூப்பிடத் தொடங்கியதாக ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதற்கப்புறம் பாட்டி பேசும் இடத்திலெல்லாம் 'நண்டு'தான். குழப்பம் போய்விட்டது. நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பாட்டி இறந்த பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளே இல்லை. இருபது அத்தியாயம் கழித்து, கடலில் தங்கையின் படகு கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது ஓதன் முதல்முறையாக "நண்டே!" என்று கத்துகிறான். அந்த இடத்தில் துக்கத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுத வேண்டியிருக்கவில்லை.

அறிகுறி: இரண்டு நாட்டு மக்களும் ஒரே தெருக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள்

பெயர் வைக்கும் விதி ஒன்று வேண்டும். பெரிய மொழி இலக்கணம் எல்லாம் தேவையில்லை, ஒரு குடிக்கு இரண்டு விதி போதும். 1937ல் வந்த டோல்கீனின் 'தி ஹாபிட்' கதையில் வரும் பதின்மூன்று குள்ளர்களும் ஒரே இனமாகத் தோன்றுவதற்குக் காரணம், கிட்டத்தட்ட எல்லாப் பெயரும் பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய மொழி) பாட்டான வோலுஸ்பாவில் உள்ள ஒரே பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை. மந்திரவாதி காண்டால்ஃபின் பெயரும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்த விஷயத்தில் அருமையான கருவி ஒன்று கையிலேயே இருக்கிறது. ட, ர, ல, ழ, ள, ற போன்ற எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்கள் கடைசியில் வராது. இலக்கணம் படிக்காதவர் காதுக்கும் இது தெரியும். எனவே ஒரு குடிக்கு இந்த விதிக்குள் அடங்கிய பெயர்களும், இன்னொரு குடிக்கு விதியை மீறிய பெயர்களும் கொடுத்தால் போதும். ஆழியம்மை, திரையன், ஓதை ஒரு பக்கம். ராடெக், லோரிட், டெமுக் இன்னொரு பக்கம். யார் உள்ளூர், யார் வெளியூர் என்று விளக்கம் எழுத வேண்டியதே இல்லை.

இந்தக் கருவி உறவுக்கும் பயன்படும். வேற்றுச்சொல் வந்தால் தமிழ் அதன் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொள்ளும். ராமன் இராமன் ஆனான், ரங்கம் அரங்கம் ஆனது, லோபம் உலோபம் ஆனது. என் கதையில் மலைக்குடியிலிருந்து படகுக்குடிக்கு மருமகளாக வருகிறவள் லோரிட். மாமியார் ஆழியம்மைக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. 'உலோரி' என்கிறாள். முதல் வருஷம் லோரிட் திருத்துகிறாள். இரண்டாம் வருஷம் திருத்துவதில்லை. நான்காம் வருஷம் மலையிலிருந்து வந்த தம்பி "லோரிட்" என்று கூப்பிடும்போது, யாரைக் கூப்பிடுகிறான் என்று அவளுக்கே ஒரு நொடி பிடிபடவில்லை. ஆழியம்மை சாகக் கிடக்கையில் மருமகளைக் கிட்டே அழைத்து, நாக்கை மடித்து, பாடுபட்டு, "லோரிட்" என்று சரியாகச் சொல்கிறாள். இத்தனை நாள் தனியே இருக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள். மாமியார் மருமகள் உறவு எப்படி மாறியது என்று நான் எழுதிவைத்திருந்த இரண்டு பக்கத்தை இந்த ஒரு காட்சிக்காக நீக்கினேன்.

ஆய்தத்தையும் மெய்யெழுத்தையும் அடுக்கி வாயில் நுழையாத பெயர் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உரக்கப் படியுங்கள். உங்களுக்கே இரண்டு முறை தடுக்கினால் எளிமையாக்குங்கள்.

அறிகுறி: வம்ச மரம் பெரியது, ஆனால் யாரும் யாருக்கும் உறவாகத் தெரியவில்லை

நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அழகான மரம் வரைந்திருப்பார்கள். கதைக்குள் போனால் "இவர் மன்னரின் இரண்டாவது தம்பியின் மகன்" என்று அறிமுகம் வரும். அதோடு சரி.

சோதனை எளிது. ஏதாவது ஓர் உறவை அழித்துவிட்டு, இருவரையும் வெறும் நண்பர்கள் என்று வைத்துக்கொண்டு அதே காட்சியைப் படியுங்கள். ஒன்றும் குலையவில்லையா? அப்படியென்றால் அந்த உறவு இன்னும் கதைக்குள் வரவில்லை. உறவு என்றால் ஒரு கடன், ஓர் உரிமை, ஒரு தடை, இந்த மூன்றில் ஒன்றாவது வேண்டும். இவன் கேட்டால் அவன் தர வேண்டும். அல்லது அவன் போனால் இவனுக்கு வரும். அல்லது இவன் எதிரில் அவள் ஒன்றைப் பேசக் கூடாது.

தமிழில் எழுதும்போது இன்னொரு சங்கதி உண்டு. நம் உறவுச் சொற்கள் சும்மா இருப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் கடந்துபோகும் இடத்தில் நாம் அண்ணனா தம்பியா, மாமாவா பெரியப்பாவா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் என்றாலும் யார் மூத்தவர் என்று முதல் உரையாடலிலேயே தெரிந்துவிடும். 'சகோதரன்' என்று எழுதித் தப்பிக்கலாம்தான். ஆனால் எந்தத் தம்பியும் அண்ணனை "சகோதரனே" என்று கூப்பிடுவதில்லை.

இதைப் பிடித்துக்கொண்டு டோல்கீனின் வம்ச மரத்தை ஒருமுறை தமிழில் படித்துப் பார்த்தேன். 'தி ஹாபிட்' நாயகன் பில்போவை, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோவின் மாமா என்று பலர் சொல்வார்கள். மரத்தின்படி அவர்கள் இரண்டு வழியில் சொந்தம். பில்போவின் அம்மா பெல்லடோனாவும் ஃப்ரோடோவின் அம்மாவைப் பெற்ற மிராபெல்லாவும் உடன்பிறந்தவர்கள். அதாவது பில்போ, ஃப்ரோடோவின் அம்மாவுக்குப் பெரியம்மா சித்தி வழியில் அண்ணன் முறை. அந்தக் கணக்கில் ஃப்ரோடோவுக்கு அவர் மாமாதான். தந்தை வழியில் பார்த்தால் பில்போவின் தாத்தா முங்கோவும், ஃப்ரோடோவின் அப்பா ட்ரோகோவைப் பெற்றவருக்குத் தந்தையான லார்கோவும் உடன்பிறந்தவர்கள். ட்ரோகோவைவிட பில்போ மூத்தவர். இந்தக் கணக்கில் அவர் பெரியப்பா. ஒரே ஆள் மாமாவும் பெரியப்பாவும்!

இப்போது கதையைப் பாருங்கள். ஃப்ரோடோவின் பெற்றோர் நீரில் மூழ்கி இறந்ததும் அவன் அம்மா வழிச் சொந்தக்காரர்களிடம்தான் வளர்கிறான். அப்புறம் பில்போ அவனைத் தத்தெடுத்துத் தன் வீட்டுக்குக் கூட்டிவருகிறார். சொத்தும் வீடும் பேகின்ஸ் என்ற குடும்பப் பெயர் வழியாக இறங்குகின்றன. சொத்துக்கு ஆசைப்பட்டுக் காத்திருக்கும் இன்னொரு கிளையும் அதே பேகின்ஸ்தான். தமிழில் இந்தக் கதையைச் சொல்கிறவர் 'மாமா' என்று எழுதினால் பாசமும் செல்லமும் முன்னால் வரும். 'பெரியப்பா' என்று எழுதினால் வாரிசுரிமையும் பங்காளிச் சண்டையும் முன்னால் வரும். ஒற்றைச் சொல்லில் கதையின் எடை இடம் மாறுகிறது. 78 வயது வித்தியாசமுள்ள இருவர் ஒரே நாளில் பிறந்தநாள் கொண்டாடுவது அந்த எடையை இன்னும் கூட்டுகிறது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். வம்ச மரத்தில் ஒவ்வொரு கோட்டின் மேலும் விளிச்சொல்லை எழுதுங்கள். 'மகன்' என்ற உறவுப்பெயரை எழுத வேண்டாம், வாயால் கூப்பிடும் சொல்லை எழுதுங்கள். எங்கே எழுத வரவில்லையோ அங்கே அந்த இருவரும் இதுவரை பேசிக்கொண்டதே இல்லை என்று அர்த்தம். ஒன்று, அவர்களைப் பேசவையுங்கள். இல்லையென்றால் மரத்திலிருந்து வெட்டுங்கள்.

பெயர் தலைமுறை தாண்டிப் போவதையும் கவனியுங்கள். பேரன் என்ற சொல்லின் பழைய வடிவம் பெயரன். பெயரைத் தாங்கி நிற்பவன் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தாத்தா பெயரைத் தாங்கிய ஒருவனை அவன் அம்மா கோபத்தில்கூடப் பெயர் சொல்லித் திட்ட முடியாமல் தவிக்கட்டும். அந்தக் குடும்பத்தை வாசகர் மறக்க மாட்டார்.

அறிகுறி: வில்லன் பெயரைக் கேட்டதுமே எல்லாம் தெரிந்துவிடுகிறது

நஞ்சரசன், காலகண்டன் என்று வைத்திருப்பீர்கள். எந்தத் தாயும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு நஞ்சு என்று பெயர் வைப்பதில்லை. தாளில் நடுப்பத்தியைப் பாருங்கள், காலியாக இருக்கும்.

பயமுறுத்தும் பெயரை வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு பெயர் இருந்திருக்க வேண்டும். அது அன்போடு வைக்கப்பட்டதாக இருக்கட்டும். ஹாரி பாட்டர் கதைகளின் வில்லன் வோல்டெமார்ட் அந்தப் பெயரில் பிறக்கவில்லை. பெற்றதும் இறந்துபோன தாய், பிள்ளைக்கு அப்பா பெயரான டாமையும் தாத்தா பெயரான மார்வோலோவையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகிறாள். தன்னைக் கைவிட்ட அப்பாவின் பெயரைச் சுமக்க மாட்டேன் என்றுதான் அவன் அதே எழுத்துகளைக் கலைத்து அடுக்கிப் புதுப்பெயர் செய்துகொள்கிறான். அந்தப் பெயரில் இருக்கும் பயங்கரத்துக்கு வேர் ஒரு குடும்பக் காயம்.

எழுத்தைக் கலைத்து அடுக்கும் உத்தியைப் பிற மொழிக்குக் கொண்டுபோவது லேசான வேலை இல்லை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அது சரியாக வருவதற்காக நடுப்பெயரை எல்விஸ் என்று மாற்றினார்கள். பின்னால் தாத்தாவே கதைக்குள் வந்தபோது பிரெஞ்சில் அவரும் எல்விஸ் ஆனார். ஒரு பெயரைத் தொட்டால் குடும்பமே அசையும். தமிழில் உயிர்மெய் எழுத்துகளைக் கலைத்து அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. நமக்கு வசதி பிரித்துப் படிப்பதில்தான். ஒரு பெயரை இரண்டு இடத்தில் வெட்டினால் இரண்டு பொருள் வரும்படி செய்யலாம், சிலேடை நமக்குப் பழகின வழி.

அறிகுறி: "அவன்தான் உன் தந்தை!" என்ற காட்சி சப்பென்று முடிகிறது

செய்தியைச் சொல்லிவிட்டுக் கதை அடுத்த சண்டைக்குப் போய்விட்டது, அதுதான் காரணம். மறுநாள் காலையில் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் காட்சி நிற்காது.

மகாபாரதத்தில் கர்ணனிடம் அவன் பிறப்பைச் சொல்லும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். கிருஷ்ணன் சொல்கிறான், நீ குந்தியின் மூத்த மகன், வா, பாண்டவர் ஐவரும் உன் காலில் விழுவார்கள், அரசு உனக்கு. கர்ணன் மறுக்கும்போது எடுத்துவைக்கும் காரணங்களைப் பாருங்கள். வளர்த்த தாய் ராதைக்குத் தன்மேல் கொண்ட அன்பால் பால் சுரந்தது. அவள் கணவர் அதிரதன் தன்னை மகனாகவே நினைக்கிறார். வசுசேனன் என்று தனக்குப் பெயர் வைக்கச் செய்தவரும் அவர்தான். பெயர் வைத்தவரையே தந்தை என்கிறான் அவன். பிறப்பால் கௌந்தேயன் ஆகியிருக்க வேண்டியவன் கடைசிவரை ராதேயனாகவே நிற்கிறான். உண்மை தெரிந்தும் பெயரை மாற்றிக்கொள்ளாததுதான் அங்கே கதை.

உங்கள் காட்சியில் எதையெல்லாம் அசைக்கலாம்? முதலில் 'நீ', 'நீங்கள்'. நம் மொழி கொடுத்திருக்கும் இந்த வசதியை ஏனோ பலர் பயன்படுத்துவதில்லை. நேற்றுவரை எதிரியை "நீ" என்றவன், தந்தை என்று தெரிந்த பிறகு என்ன சொல்வான்? "நீங்கள்" என்றால் அது ஒரு தோல்வி. "நீ" என்றே சொன்னால் ஒரு மறுப்பு. எதுவுமே சொல்லாமல், விளியே இல்லாத வாக்கியமாகத் தேடித் தேடிப் பேசினால் அது இன்னும் பெரிய விஷயம். "தண்ணீர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கிறான். யாரிடம் கேட்கிறான் என்று தெரியாத மாதிரி. இதை ஒரு முழு அத்தியாயத்துக்கு இழுக்கலாம், வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முதல் விளிச்சொல்லுக்காகக் காத்திருப்பார்.

அடுத்து, இந்த உறவால் யார் எதை இழக்கிறார் என்று பாருங்கள். புதிதாக ஒரு மூத்தவன் முளைத்தால் இதுவரை மூத்தவனாக இருந்தவன் தம்பி ஆகிவிடுகிறான். அவன் முகத்தை ஒரு வரியாவது காட்டுங்கள்.

அறிகுறி: நாயகன் பெயர் மாறுகிறது, யாருக்கும் உறைக்கவில்லை

இங்கே முதல் சந்தேகம் கதைசொல்லியின் மேல். ஒரே பத்தியில் "இளவரசன்", "வீரன்", "திரையன்" என்று மூன்று விதமாகக் குறிப்பிட்டுக்கொண்டே போனால், பிறகு உண்மையாகவே பெயர் மாறும்போது அது நான்காவது பெயராகத்தான் தெரியும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று எங்கோ படித்ததால் இப்படிச் செய்கிறார்கள். பெயர் திரும்ப வந்தால் தப்பில்லை. கதைசொல்லி எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பது ஒரு முடிவு. அதை மாற்றுவதென்றால் ஒரே இடத்தில், காரணத்தோடு மாற்றுங்கள்.

உர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' இதைப் படித்துப் பழக நல்ல இடம். தாய் வைத்த பெயர் டூனி. குருவான ஓகியன் கொடுத்த மெய்ப்பெயர் கெட். ஊரார் கூப்பிடுவது ஸ்பாரோஹாக் என்ற பறவையின் பெயரால். மெய்ப்பெயர் தெரிந்தவருக்கு அந்த ஆளின் மேல் அதிகாரம் உண்டு என்பது அந்த உலகத்தின் விதி. ஆகவே ஒருவர் தன் மெய்ப்பெயரை இன்னொருவரிடம் சொல்வது உயிரையே கையில் கொடுப்பதற்குச் சமம். நட்பு, துரோகம் என்று நீட்டி விளக்காமலே, பெயரைச் சொன்னாரா இல்லையா என்பதை வைத்து அங்கே எல்லாம் நடந்துவிடுகிறது. அடுத்த நாவலில் டெனார் என்ற சிறுமியைக் கோயிலுக்குக் கொடுத்து, பெயரைப் பறித்து, 'உண்ணப்பட்டவள்' என்று பொருள்படும் ஆர்ஹா என்ற பெயரைச் சூட்டுகிறார்கள். பழைய பெயரை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறவன் கெட்.

இரண்டு கதையிலும் பெயரைக் கொடுப்பவரும் எடுப்பவரும் கண்ணெதிரே நிற்கிறார்கள். உங்கள் நாயகன் "இன்றுமுதல் என் பெயர் இது" என்று மலை உச்சியில் தனியாக நின்று அறிவித்தால் எடுபடாது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இன்னும் நல்லது, ஒருவராவது கூப்பிட மறுக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அவனுக்குப் பழைய பெயரை வைத்தவராகத்தான் இருப்பார்.

அறிகுறி: அநாதை நாயகன் காற்றில் மிதக்கிறான்

குடும்பம் இல்லை என்றதும் பெயரைப் பற்றியும் யோசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குழந்தையைக் கண்டெடுத்தவர் ஒரு பெயர் வைத்திருப்பார், அதில் அவருடைய அவசரமோ ஆசையோ பயமோ இருக்கும். யாருமே வைக்கவில்லை என்றால் அந்த இல்லாமையையே பெயராக்கலாம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கற்பனை நாடான வெஸ்டெராஸில் பிரபுக்களுக்கு முறை தவறிப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தந்தப் பகுதிக்கென்று உள்ள ஒரு பொதுப்பெயர்தான் குடும்பப் பெயர். வடக்கில் ஸ்நோ, டோர்னில் சாண்ட், ஆற்றுநாட்டில் ரிவர்ஸ். பனி, மணல், ஆறு. ஜான் ஸ்நோ என்று ஒருவர் கூப்பிடும்போதெல்லாம் அவன் எந்த மேசையில் உட்காரக் கூடாது என்பதும் சேர்ந்து சொல்லப்பட்டுவிடுகிறது.

அறிகுறி: பெயரை மாற்றிய பிறகு கைப்பிரதி முழுக்கப் பிழை

இது கணினிக் கோளாறு, ஆனால் எல்லோரும் மாட்டுவது. வேலன் என்ற பெயரைத் திரையன் என்று மாற்ற, தேடி மாற்றும் வசதியில் "வேலன்" என்று கொடுத்தால் புள்ளி வைத்த இடங்கள் மட்டும்தான் மாறும். வேலனை, வேலனுக்கு, வேலனின் எல்லாம் அப்படியே நிற்கும். உருபு ஏறும்போது அந்தப் புள்ளி போய்விடுகிறதே, கணினிக்கு அது வேறு எழுத்துவரிசை. புள்ளி இல்லாமல் "வேலன" என்று தேடி "திரையன" என்று மாற்றினால் எல்லா வடிவமும் சேர்ந்து மாறும். பழைய பெயரும் புதுப்பெயரும் ஒரே மெய்யில் முடிந்தால்தான் இது நடக்கும். வேலனை ஓதை என்று மாற்றப் போனால் எழுத்தின்மேல் அநாதையாக ஒரு புள்ளி தொங்கும், 'ஓதைக்கு', 'ஓதையை' எதுவும் சரியாக வராது. 'வேலன' என்ற எழுத்துகள் வேறு பெயருக்குள் இருந்தாலும் அதுவும் மாறிவிடும். கதையில் 'கதிர்வேலன்' ஒருவர் இருந்தால் அவர் 'கதிர்திரையன்' ஆகிவிடுவார்.

அப்படிப்பட்ட இடத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் பொத்தானை அழுத்தாமல் ஒவ்வொன்றாகப் போங்கள். நேரம் பிடிக்கும், நானூறு இடம் என்றால் ஒரு சாயங்காலம் போய்விடும். நான் கடைசியாக அப்படிச் செய்தபோது, ஒவ்வோர் இடத்திலும் பேசுகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டே போனேன். நூற்றுப்பத்தாவது இடமோ என்னவோ, அங்கே பேசுகிறவள் அவன் தங்கை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். புதுப்பெயரை அங்கே வைக்கவில்லை, பழையதையும் அழித்துவிட்டு "அண்ணா" என்று அடித்தேன். அப்புறம் அந்தக் காட்சியை முதலிலிருந்து திருத்தி எழுத வேண்டியதாயிற்று.